மூடி மறைப்பது மானமாகாது!

நாட்டின் சட்டம் அனுமதித்த மருந்து ஒன்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே அதை மருந்துக் கடையில் வாங்கலாம். மத்திய சர்க்காரின் குடும்ப நலத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி மாணவி கடைக்குப் போய் அதைக் கேட்டால், பல இடங்களில் கிடைக்கிற பதில் "இல்லை" என்பதுதான். அந்தப் பதிலோடு ஏளனப் பார்வை ஒன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

அவசரக் கருத்தடை மாத்திரை என்பதே அந்த மருந்து. இதைப் பற்றித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் படிக்கும் பத்திரிகையில் தலையங்கம் எழுத வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவசியம் எழுத வேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

ஏன்? பஞ்சாலையில் சிப்ட் பார்க்கிறவன் மகளும், நாற்று நடுகிறவள் மகளும் இன்று கல்லூரி வாசலை மிதித்துவிட்டார்கள். இது தானாக வந்துவிடவில்லை. பாட்டன் கையெழுத்துப் போடத் தெரியாதவன். தகப்பன் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். மகள் பட்டப் படிப்புப் படிக்கிறாள். வயிற்றைக் கட்டி, கடன் வாங்கி, கம்மலை அடகு வைத்துப் படிக்க வைக்கிறோம். அந்தப் படிப்பு ஓர் ஆண்டின் நடுவில் அறுந்து போனால் அறுவது அவள் ஒருத்தியின் படிப்பு மட்டும்தானா? மூன்று தலைமுறையின் உழைப்பும் அல்லவா மண்ணாகிறது! ஆகவே நம் பெண்களுக்கு அவர்கள் உடலைப் பற்றிய சரியான அறிவு கிடைக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

அது என்ன மருந்து?

முதலில் விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்து கொள்வோம். நம் நாட்டுக் கடைகளில் விற்கும் அவசரக் கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மருந்து. அளவு 1.5 மில்லிகிராம். ஒரே மாத்திரை, ஒரே வேளை. பாதுகாப்பில்லாமல் உறவு நேர்ந்துவிட்டாலோ, ஆணுறை கிழிந்து போனாலோ, வழக்கமான மாத்திரையை மறந்துவிட்டாலோ, ஒரு பெண் பலாத்காரத்துக்கு ஆளாகிவிட்டாலோ, கர்ப்பம் ஏற்படாமல் தடுப்பதற்காக உண்டானது இது.

எப்படித் தடுக்கிறது? வயல் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் மடையை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் போகாது. பாய்ந்து முடிந்த பின் மடையை அடைத்து என்ன பயன்? பெண்ணின் சினைப்பையிலிருந்து மாதம் ஒரு முறை கருமுட்டை வெளிவருகிறது. அது வெளிவருவதை இந்த மாத்திரை தள்ளிப் போடுகிறது. ஆண் அணு சில நாட்களே உயிரோடிருக்கும். அதற்குள் முட்டை வராவிட்டால் கரு உண்டாகாது. முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் இந்த மாத்திரைக்கு வேலை இல்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. ஒன்று: இது கருவைக் கலைக்கும் மருந்தல்ல. ஏற்கெனவே உண்டாகிவிட்ட கர்ப்பத்தை இது ஒன்றும் செய்யாது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டாலும் கருவுக்கு ஊறு விளைவதில்லை. இரண்டு: காலம்தான் இதன் உயிர். 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று கடை மாத்திரைகளில் அச்சிட்டிருக்கிறார்கள். ஐந்து நாள் வரை ஓரளவு பயன் உண்டென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆனால் ஒவ்வொரு மணி நேரம் போகப் போகப் பலன் குறைகிறது. ஆகவே மூன்று நாள் இருக்கிறதே என்று காத்திருப்பது தவறு. முதல் நாளே சிறந்த நாள். சரியான காலத்தில் சாப்பிட்ட நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் கர்ப்பம் உண்டாகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

தெரிந்து கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. மாத்திரை சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி ஒன்று சாப்பிட வேண்டும். குமட்டல், தலைவலி, அசதி இரண்டொரு நாள் இருக்கலாம். அடுத்த மாதவிலக்கு சற்று முன்னதாகவோ பின்னதாகவோ வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போனால் கர்ப்பப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். அடி வயிற்றில் கடும் வலி கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

காசநோய்க்கு ரிபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்பு நோய்க்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் இதன் பலன் குறைந்துவிடும். பஞ்சுத் தூசியிலும் நெருக்கடியான வீடுகளிலும் வாழும் நம் குடும்பங்களில் காசநோய் புதிதல்ல. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறோம். உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் பலன் குறையலாம். இவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது. ஐந்து நாளைக்குள் செம்புக் கருத்தடை வளையம், அதாவது காப்பர்-டி, போட்டுக் கொள்வது எல்லாவற்றிலும் பலன் மிகுந்த வழி. நூற்றுக்கு 99க்கு மேல் அது காக்கிறது.

இந்த மாத்திரை வரப் போகும் நாட்களுக்குக் காவலாக நிற்காது என்பதையும் மறக்கக் கூடாது. பால்வினை நோய்களையும் எச்.ஐ.வி. கிருமியையும் இது தடுக்காது. அதற்கு ஆணுறை வேண்டும். தினசரி வாழ்வுக்கு வேறு நல்ல கருத்தடை முறைகள் இருக்கின்றன. இது அவசரத்துக்கு மட்டுமே. வீட்டில் தீப்பிடித்தால் அணைக்க ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். அதற்காக அடுப்பை அஜாக்கிரதையாக விட்டுவிடலாம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள்.

அரைகுறை அறிவின் ஆபத்து

இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் செய்தி. கல்லூரியில் ஒரு மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆனால் சொல்லிக் கொடுக்கிறார்களா?

கல்லூரி மாணவிகளிடம் இந்த மாத்திரையைப் பற்றி இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மாத்திரையின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர். எத்தனை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று சரியாகச் சொன்னவர்கள் குறைவு. தெரிந்த கொஞ்சமும் தோழி சொன்னது, விளம்பரத்தில் பார்த்தது, செல்போனில் படித்தது. டாக்டரோ ஆசிரியரோ தாயோ சொன்னது அபூர்வம்.

இந்த அரைகுறை அறிவு இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. மாதவிலக்கு தவறிய பிறகு இந்த மாத்திரையைத் தேடி ஓடுகிறாள் ஒருத்தி. அப்போது அது பயனற்றது. கருக்கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு என்று அறியாமல் எதையோ வாங்கி விழுங்குகிறாள் இன்னொருத்தி. ஒரு முறை சாப்பிட்டால் பிள்ளையே பிறக்காது என்று யாரோ சொன்ன பொய்யை நம்பி, மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தொடாமலிருக்கிறாள் மூன்றாமவள். பிற்காலத்தில் பிள்ளைப் பேற்றை இந்த மாத்திரை கெடுப்பதில்லை. அதைச் சொல்ல ஒரு நாவும் அசையவில்லை. பயமுறுத்த மட்டும் ஆயிரம் நாக்குகள்!

யாருக்கு "இல்லை"?

கடைக்காரர் "இல்லை" என்று சொல்வதற்குச் சட்டம் காரணமல்ல. கருக்கலைப்பு மாத்திரையை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று விதி உண்டு. அது நியாயமான விதி. அந்த மாத்திரைக்குக் கணக்குக் காட்ட வேண்டும், சோதனை வரும் என்ற பயமும் கடைக்காரர்களுக்கு உண்டு. அந்தப் பயத்தை இந்த மாத்திரையின் மீதும் ஏற்றி, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். போதாததற்கு, கல்யாணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு என்று நீதிபதி ஸ்தானத்தில் உட்கார்ந்து கொள்கிறவர்களும் உண்டு. விற்பனை உரிமம் பெற்றவர் மருந்து விற்கட்டும். ஒழுக்கச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தது?

இந்த "இல்லை" எல்லோருக்கும் ஒரே மாதிரி "இல்லை" ஆகிவிடுவதில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். வசதி படைத்த வீட்டுப் பெண்ணுக்குக் குடும்ப டாக்டர் இருக்கிறார், கார் இருக்கிறது, பக்கத்து மாநிலத்திலிருந்து வாங்கி வரப் பழக்கமுள்ளவர் இருக்கிறார், எதுவும் முடியாவிட்டால் தனியார் ஆஸ்பத்திரியில் அறை எடுக்கப் பணம் இருக்கிறது. கூலிக்காரன் மகளுக்கு என்ன இருக்கிறது? விடுதிக் கதவு ஆறு மணிக்குப் பூட்டப்படும். ஊருக்குள் இருப்பது ஒரே மருந்துக் கடை. கடைக்காரர் அப்பனுக்குத் தெரிந்தவர். மாத்திரையின் விலை சுமார் நூறு ரூபாய். கையில் இருப்பது பஸ் காசு. 72 மணி நேரம் ஓடிவிடுகிறது. ஒரே சட்டம், ஒரே மருந்து, ஒரே கடிகாரம். ஆனால் ஏழைக்கு மட்டும் காலம் சீக்கிரம் முடிந்து போகிறது!

கிராமங்களில் ஆஷா ஊழியர்கள் மூலம் கருத்தடைச் சாதனங்களை வீட்டுக்கே கொண்டு சென்று கொடுக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2011இல் தொடங்கியது. அதில் இதே அவசர மாத்திரையின் விலை இரண்டு ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டு ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று சர்க்காரே காட்டிவிட்ட பிறகு, கல்லூரிப் பெண் நூறு ரூபாயோடு நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்புவது எந்த நியாயத்தில் சேரும்?

அறியாமைக்கு யார் விலை கொடுப்பது?

இந்தியாவில் 2015ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே, தாங்களாகவே வாங்கிய மாத்திரைகளால் நடந்தவை. இவர்களில் மணமானவர்களே அதிகம் என்பதையும் சொல்லிவிடுவோம்; ஆகவே இது ஏதோ கல்லூரிப் பெண்களின் விளையாட்டுத்தனத்தால் வந்த வினை என்று கதை கட்டுவதற்கு இடமில்லை. இத்தனை பெண்கள் வேண்டாத கர்ப்பத்தைச் சுமந்து, யாரையும் கேட்க முடியாமல், தாங்களே வழி தேடினார்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

கருக்கலைப்பு இந்த நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவன் கையெழுத்தோ தகப்பன் கையெழுத்தோ சட்டம் கேட்கவில்லை. 2021இல் சட்டம் திருத்தப்பட்டபோது, கருத்தடை தவறியதைக் காரணமாகக் காட்டும் உரிமை மணமாகாத பெண்ணுக்கும் கிடைத்தது. அவள் பெயரை வெளியிடக் கூடாது என்றும் விதித்தார்கள். 2022 செப்டம்பர் 29இல் சுப்ரீம் கோர்ட், மணமானவள் மணமாகாதவள் என்று பேதம் காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் இருப்பதே தெரியாத பெண் கைராசிக்காரியிடமும் போலி வைத்தியனிடமும் போகிறாள். இரத்தப் போக்கிலும் சீழ் பிடித்தும் அவதிப்படுகிறாள். முதல் நாளிலே ஒரு மாத்திரையால் முடிந்திருக்க வேண்டிய விஷயம், மூன்றாம் மாதத்தில் உயிருக்கே உலை வைக்கிறது.

"பெண்கள் கெட்டுப் போவார்களே!"

இதைச் சொன்னவுடன் ஒரு கூக்குரல் கிளம்பும் என்பது நமக்குத் தெரியும். "இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பெண்கள் கெட்டுப் போவார்கள்" என்பார்கள். நம் தோழர்களிலும் சிலர் அப்படி எண்ணக்கூடும். அவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. மகளைப் பற்றிய கவலை தகப்பனுக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் கவலை உண்மையைப் பார்க்க வேண்டும்.

பெண்கள் பள்ளிக்கூடம் போனால் கெட்டுப் போவார்கள் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. ஆலைக்கு வேலைக்குப் போனால் கெட்டுப் போவார்கள் என்றார்கள். இன்று அந்தப் பெண்கள்தான் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை முன்கூட்டியே கையில் கொடுத்துப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்ட பெண்கள் பொறுப்பற்று நடந்ததாகவோ, அவர்களிடம் பால்வினை நோய் பெருகியதாகவோ அந்த ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. இன்னொன்றையும் நேர்மையோடு சொல்ல வேண்டும்: மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்ததால் மட்டும் நாட்டில் கர்ப்பங்களின் மொத்த எண்ணிக்கை குறைந்துவிட்டதாகவும் அவை காட்டவில்லை. ஆகவே இது சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. நெருக்கடியில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இது கைகொடுக்கும். எல்லாப் பெண்களுக்கும் வேண்டியது முழுமையான அறிவும் ஒழுங்கான வைத்திய வசதியும்.

இந்தக் கூக்குரல் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் 2003இல், இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்று நிபுணர் குழு 23க்கு 4 என்ற வாக்கில் சிபாரிசு செய்தது. மருந்து நிர்வாகம் மறுத்தது, இழுத்தடித்தது. அங்கே பெண்கள் நலப் பிரிவின் தலைவியாக இருந்த சூசன் வுட் 2005இல் பதவியை ராஜினாமா செய்தார். 2006இல் 18 வயதானவர்களுக்கு அனுமதி வந்தது. எல்லா வயதினருக்கும் கிடைக்க 2013இல் கோர்ட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது. விஞ்ஞானம் ஒரு நாளில் சொன்னதை அரசியல் பத்து ஆண்டுகள் தடுத்து வைத்தது! அதே நாட்டில் பென்சில்வேனியாவிலுள்ள ஷிப்பென்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில், மாணவர் சுகாதார நிலையத்துக்குள் காசு போட்டால் இந்த மாத்திரை தரும் இயந்திரத்தையே வைத்தார்கள். 2012இல் இது பெரிய செய்தியாயிற்று. மருந்து நிர்வாகம் விசாரித்துப் பார்த்து, நடவடிக்கை எடுக்க ஏதுமில்லை என்று விட்டுவிட்டது.

பிரான்ஸ் தேசம் 2000ஆம் ஆண்டிலேயே பள்ளிக்கூட நர்சுகள் இதை மாணவிகளுக்குக் கொடுக்கச் சட்டம் செய்தது. 2023 முதல் அங்கே எல்லா வயதுப் பெண்களுக்கும் மருந்துக் கடைகளில் இது இலவசம். அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

வெளிநாட்டுக்குப் போவானேன்? நம் மண்ணிலேயே 1930களில் பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றிப் பகிரங்கமாக எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டியபோது, பெண்ணின் சுதந்திரத்துக்காகவே அது வேண்டும் என்று வாதாடினார் அவர். அந்த மண்ணில் இன்று மருந்தின் பெயரைச் சொல்லவே கூசுகிறோம் என்றால் முன்னேறியிருக்கிறோமா, பின்வாங்கியிருக்கிறோமா?

கட்டாயம் வேறு, உரிமை வேறு

"குடும்பக் கட்டுப்பாடு" என்ற சொல்லைக் கேட்டாலே ஏழை மக்களுக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணம் உண்டு. 1952இல் சர்க்கார் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய முதல் நாடு இந்தியா. ஆனால் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில் என்ன நடந்தது? 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். பலரைப் பிடித்து இழுத்துக் கொண்டு போனார்கள். ரேஷன், சம்பளம், வீட்டு மனை எல்லாவற்றையும் காட்டி மிரட்டினார்கள். கத்தி விழுந்தது ஏழை உடம்பில்தான்.

அது முடிந்த பின் சுமை முழுவதும் பெண்கள் தலையில் ஏற்றப்பட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். ஆண்கள் செய்து கொண்டது 0.3 சதவீதம்! 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள்; 13 பெண்கள் உயிரிழந்தார்கள்.

பெண்ணின் வயிற்றைக் கிழிக்க முகாம் போடத் தெரிந்த சர்க்காருக்கு, அவள் கையில் ஒரு மாத்திரையும் அதைப் பற்றிய ஒரு துண்டுத் தாளும் கொடுக்கத் தெரியவில்லை. எத்தனை பேரை அறுத்தோம் என்ற கணக்கு அதற்கு வேண்டும். எத்தனை பேர் அறிந்து கொண்டார்கள் என்ற கணக்கு வேண்டாம். இதைத்தான் நாம் எதிர்க்கிறோம். யாரும் யாரையும் மாத்திரை சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்கிறவளுக்கு இல்லை என்றும் சொல்லக் கூடாது. முடிவு அவளுடையது.

பலாத்காரத்துக்கு ஆளானவர்கள்

இன்னொரு கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று 2013இல் சட்டம் செய்யப்பட்டது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அந்தக் கடமை தொடர்கிறது. அந்தச் சிகிச்சையில் அவசரக் கருத்தடையும் சேர்ந்தது என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிமுறைகள் கூறுகின்றன. போலீஸில் புகார் எழுதிய பிறகுதான் வைத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது.

எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? மானம் போய்விடுமே என்று கதவைச் சாத்திக் கொண்டு அழும் அந்த மூன்று நாட்கள்தான் மருந்து பலிக்கும் மூன்று நாட்கள். குற்றம் செய்தவனுக்குப் போக வேண்டிய மானம் குற்றத்துக்கு ஆளானவளுக்குப் போவதாக எண்ணும் வழக்கத்தை முதலில் ஒழிப்போம். உதவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அதை எழுதி வையுங்கள்.

நாம் கோருவது

மாணவிகள் உயர் கல்வி பெறுவதற்காக 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாநில சர்க்கார் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. நல்ல திட்டம், வரவேற்க வேண்டியது. ஆனால் அந்தப் படிப்பு நடுவில் அறுந்து போகாமலிருக்க வேண்டிய அறிவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த ஆயிரத்துக்குப் பொருள் உண்டு. ஆகவே நாம் கோருவது இது:

மருந்துக் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரையை விற்கத் தடை எதுவும் இல்லை என்பதை மாநில சர்க்கார் எழுத்து மூலம் ஒவ்வொரு கடைக்கும் தெரிவிக்க வேண்டும். கடையில் தமிழில் எழுதி மாட்டச் செய்ய வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் கிராம சுகாதார நர்சுகளிடமும் இந்த மாத்திரை எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கேட்கும் பெண்ணிடம் தாலி இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது; பெயரை வெளியே சொல்லக் கூடாது.

கல்லூரிகளிலும் மாணவியர் விடுதிகளிலும் முதலாண்டிலேயே உடலறிவு வகுப்பு நடத்த வேண்டும். மாணவர்களுக்கும் அந்த வகுப்பு கட்டாயம் வேண்டும். கர்ப்பம் என்ற கணக்கில் பாதிப் பங்கு ஆணுடையது. பொறுப்பில் மட்டும் அவனுக்குப் பங்கில்லை என்றால் எப்படி?

பஞ்சாலை விடுதிகளில் அடைத்து வைத்து வேலை வாங்கப்படும் இளம் பெண்களை மறந்துவிடலாகாது. அவர்களும் மாணவிகளின் வயதினர்தான். படிக்க வழியில்லாமல் ஆலைக்கு வந்தவர்கள். அவர்கள் விடுதிக்குள் நர்சும் வகுப்பும் மருந்தும் வர வேண்டும் என்று ஆலைச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே!

சர்க்காரிடம் கோருவது ஒரு பாதி வேலை. மற்றப் பாதி நம் வீட்டுக்குள் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் மகளுக்கு வழியில் சாப்பிடக் கட்டுச் சோறு கட்டித் தருகிறோம். பஸ் நம்பர் சொல்லித் தருகிறோம். பணத்தை எங்கே முடிந்து வைப்பதென்று சொல்லித் தருகிறோம். அவள் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தாய் சொல்லாததை ஊர் சொல்லும், தவறாகச் சொல்லும், நேரம் கடந்து சொல்லும்.

இந்தத் தலையங்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். சங்கக் கூட்டத்தில், மாதர் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கூச்சமாக இருக்கும், முதல் தடவை மட்டும்தான் இருக்கும். கூலி உயர்வு கேட்க முதல் தடவை வாய் திறந்தபோதும் நா தழுதழுக்கத்தான் செய்தது. வாய் திறந்ததால்தான் கூலி உயர்ந்தது.

நம் மகள் ஒரு நாள் இக்கட்டில் சிக்கிக் கொண்டால், கிணற்றங்கரையை நினைக்கக் கூடாது; போலி வைத்தியன் வாசலை நினைக்கக் கூடாது. "அம்மாவிடம் போனால் வழி பிறக்கும்" என்று அவள் நினைக்க வேண்டும். அந்த நம்பிக்கையை அவளுக்கு இன்றே கொடுங்கள். 72 மணி நேரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.